மைக்கேல் கெர்சன்

மைக்கேல் கெர்சன் (டிசம்பர் 4, 1945 – மே 6, 1996) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் ஒலிப் பொறியியலாளரும் ஆவார். கேட்பவரைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி வருமாறு பதிவு செய்து மீட்கும் அம்பிசோனிக்சு முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். சூழொலியை இழப்பின்றிச் சுருக்கி வட்டில் பதியும் எம்எல்பி முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். அம்முறை சந்தைக்கு வருமுன்பே இவர் இறந்துவிட்டார்.

வாழ்க்கையும் ஆய்வும்

பர்மிங்காமில் பிறந்த கெர்சன் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். அங்கிருந்த ஒலிப்பதிவுக் கழகத்தில் பீட்டர் கிரேவனுடன் நட்பு ஏற்பட்டது. பின்னாளில் இருவரும் இணைந்தே பல ஆய்வுகளைச் செய்தனர்.

1970களின் தொடக்கத்தில் குவாட்ரபோனிக் இசைத்தட்டுகள் பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டன. அறையின் நான்கு மூலைகளுக்கும் நான்கு தடங்கள் என்பதே அதன் ஏற்பாடு. ஒலி வரும் திசையைக் காது எவ்வாறு அறிகிறது என்ற கேள்வியை அது பொருட்படுத்தவில்லை. கெர்சன் அக்கேள்வியிலிருந்தே தொடங்கினார். ஓரிடத்தில் நிலவும் ஒலி அழுத்தத்தையும் அதன் மூன்று திசைக் கூறுகளையும் பதிந்து கொண்டால், எத்தனை ஒலிபெருக்கிகளுக்கும் ஏற்பப் பின்னர் கணித்துக்கொள்ளலாம் என்பது இவர் கண்ட வழியாகும். ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஃபெல்கெட்டும் இப்பணியில் பங்கேற்றார். கெர்சனும் கிரேவனும் வடிவமைத்த, நான்கு உணரிகள் கொண்ட சவுண்டுபீல்டு ஒலிவாங்கியைக் கால்ரெக் நிறுவனம் தயாரித்தது. எனினும் குவாட்ரபோனிக்கின் தோல்வியால் சலித்திருந்த சந்தை அம்பிசோனிக்சையும் ஏற்கவில்லை. ஒலிப் பொறியியல் கழகம் 1991ல் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இழப்பற்ற சுருக்கம்

24 பிட்டு, 96 கிலோஹெர்ட்சு தரத்தில் ஆறு தடங்களைப் பதிய நொடிக்கு 13.8 மெகாபிட்டு தேவை. டிவிடி-ஆடியோ வட்டு அனுமதிப்பதோ 9.6 மெகாபிட்டு மட்டுமே. எம்பி3 போன்ற முறைகள் காதுக்குப் புலப்படாதவை எனக் கருதும் பகுதிகளை நீக்கிவிடுகின்றன; அவற்றை மீட்க இயலாது. மரக்காணம் உப்பளங்களில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவர். அவ்வுப்பை மீண்டும் நீரில் கரைத்தால் கரிக்கும், ஆனால் பழைய உவர்நீர் ஆகாது. இழப்பற்ற முறையிலோ ஒரு பிட்டும் மாறாமல் மூல ஒலி திரும்பக் கிடைக்க வேண்டும்.

எம்எல்பி முறையில் முதலில் தடங்களுக்குப் பொதுவான ஒலி, மீளக்கூடிய அணிக் கணக்கீட்டால் பிரிக்கப்படுகிறது. அடுத்து, முந்தைய மதிப்புகளைக் கொண்டு வரப்போகும் மதிப்பு ஊகிக்கப்படுகிறது. ஊகத்திற்கும் உண்மைக்கும் இடையிலான சிறு வேறுபாடு மட்டும் ஹஃப்மன் குறியீட்டால் சுருக்கப்படுகிறது. மீட்ட ஒலி மூலத்தோடு பொருந்துகிறதா எனச் சோதிக்கும் எண்களும் உடன் பதியப்படுகின்றன.

கடும் ஆஸ்துமாவின் விளைவாகக் கெர்சன் மே 1996ல் தமது 50ஆம் அகவையில் காலமானார். ஒலி வட்டுகளுக்கான இழப்பற்ற குறியேற்றம் பற்றிக் கிரேவனுடன் எழுதிய கட்டுரை அவ்வாண்டு செப்டம்பரில்தான் வெளியானது. கிரேவன், பாப் ஸ்டூவர்ட், மால்கம் லா முதலியோர் மெரிடியன் நிறுவனத்தில் அம்முறையை நிறைவு செய்தனர்.

பின்னர்

1999ல் வரையறுக்கப்பட்ட டிவிடி-ஆடியோவில் எம்எல்பி இடம்பெற்றது. வட்டு தயாரிப்போருக்கெனச் சர்கோடு போன்ற குறியேற்ற மென்பொருள்களும் வந்தன. டிவிடி-ஆடியோ நிலைக்கவில்லை. ஆனால் எம்எல்பியை விரித்து உருவாக்கப்பட்ட டால்பி ட்ரூஎச்டி, புளூ-ரே வட்டுகளில் பயன்படுகிறது. சந்தை ஒதுக்கிய அம்பிசோனிக்சும் மெய்நிகர் உண்மைக் காணொளிகளின் ஒலிக்காக 2010களில் மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.