மூட்டுக்கு ஓய்வு கொடுத்த லிவர்பூல் டாக்டர்

நமது அங்கத்தினர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் எந்த ஊரில் கூடினாலும், க்ஷேம விசாரிப்பு முடிந்த கையோடு பேச்சு முழங்காலுக்கு வந்துவிடுகிறது. யார் ஆபரேஷன் செய்துகொண்டார், யார் தள்ளிப்போட்டிருக்கிறார், எந்தத் தைலம் கேட்டது, எது கேட்கவில்லை என்று ஒரு சுற்று வரும். கத்தி வைக்காமல் ஏதாவது வழி உண்டா என்ற கேள்வியில்தான் அது வந்து நிற்கும். அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாமல் கேட்டு, தம் கையாலேயே விடையும் செய்து பார்த்தவர் டாக்டர் ஹ்யூ ஓவன் தாமஸ். அவர் மறைந்து நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது.

நான் வைத்தியன் அல்லன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறி, சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளியவன். என் தம்பி பெண் மெடிகல் காலேஜில் படித்தபோது தாமஸ் ஸ்ப்ளிண்ட், தாமஸ் டெஸ்ட், தாமஸ் ஹீல் என்று வரிசையாக உருப்போடுவாள். யாரம்மா இந்தத் தாமஸ் என்று கேட்டேன். தெரியாது பெரியப்பா, பரீட்சைக்கு அது வராது என்றாள். அன்று முதல் கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்ததுதான் இக்கட்டுரை.

தாமஸின் குடும்பக் கதையே விசித்திரமானது. 1745-ஐ ஒட்டிய வருஷங்களில், இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸைச் சேர்ந்த ஆங்கில்ஸி தீவின் கரையில் ஒரு கப்பல் உடைந்தது. அதிலிருந்து ஒரு சிறுவன் பிழைத்து வந்தான். அவனுக்கு வேல்ஷும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எந்த தேசத்தவன் என்றும் தெரியவில்லை. அங்கிருந்த ஒரு குடும்பம் அவனை எடுத்து வளர்த்து ஈவன் தாமஸ் என்று பெயரிட்டது. பிராணிகளின் முறிந்த கால்களைச் சேர்த்துக் கட்டுவதில் அவனுக்கு இருந்த கைராசி பிறகு மனிதர்களுக்கும் பயன்பட்டது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக எலும்புக் கட்டு வைத்தியம் அவர்களுடைய தொழிலாயிற்று. நம் பக்கத்தில் புத்தூர் கட்டு என்றால் தெரியாதவர் இல்லை. ஏறக்குறைய அதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறுவனின் கொள்ளுப்பேரன்தான் ஹ்யூ. 1834 ஆகஸ்ட் 23-ல் பிறந்தவர். இவருடைய தகப்பனாருக்கும் ஈவன் தாமஸ் என்றே பெயர். அவர் பத்தொன்பது வயதில் லிவர்பூலுக்குப் பிழைக்க வந்து, கட்டு வைத்தியத்தில் பெரும் பெயர் எடுத்தார். பெயர் வந்தால் வினையும் வரும் அல்லவா? பட்டம் பெற்ற டாக்டர்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அவர் சளைக்கவில்லை. ஆனால் தாம் பட்ட அவமானம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஐந்து பிள்ளைகளையும் டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்டார். கையில் வித்தை இருந்தால் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும் என்று அந்த மனிதர் கண்டுகொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஹ்யூ மாமாவிடம் நான்கு வருஷம் வைத்தியம் பழகினார். பிறகு எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1857-ல் சர்ஜனாகத் தேறினார். பாரிஸ் ஆஸ்பத்திரிகளையும் பார்த்துவிட்டுத் தகப்பனாரிடம் திரும்பி வந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு வருஷம் போலத்தான் சேர்ந்திருந்தார்கள். பின்பு தனியாகப் போர்டு மாட்டினார். நெல்சன் தெரு 11-ஆம் நம்பர் வீடு விரைவிலேயே ஊரறிந்த விலாசமாயிற்று.

ஆள் மெலிந்த தேகம், குள்ளம், இளமையிலிருந்தே பலவீனமானவர். சிறு வயதில் ஒரு கண்ணில் அடிபட்டிருந்ததால், முன்பக்கம் நீட்டிய தொப்பியை அந்தக் கண்ணின் மேல் சாய்த்து அணிவார். கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு, வாயில் எப்போதும் சிகரெட். (இந்த ஒன்றை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.) விடியற்காலையில் குதிரை வண்டியில் கிளம்பினால் வேலை முடிய ராத்திரி வெகுநேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். அன்று நெல்சன் தெருவில் கைத்தடிகளும் கட்டைகளுமாகக் கூட்டம் நிறைந்துவிடும். துறைமுகக் கூலிகள், மாலுமிகள், அவர்களுடைய குழந்தைகள் இவர்களே அவருடைய நோயாளிகள்.

அந்தக் காலத்து வியாதி நம்முடைய முழங்கால் தேய்மானம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் வரும் காசநோய்தான் பெரும் தொல்லை. நெரிசலான வீடுகளாலும் நோயுள்ள மாட்டின் காய்ச்சாத பாலாலும் குழந்தைகளுக்கு அது மிகுதியாக வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943-ல்தான். அதற்கு முன் மருந்து ஏது? ஆகவே மூட்டை அறுத்து எடுப்பது அல்லது காலையே எடுப்பது என்று சர்ஜன்கள் கத்தியைத் தூக்கினார்கள். கிருமிநாசினி முறைகள் அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தன. ஆபரேஷன் தாங்காமல் போனவர்கள் பலர்.

தாமஸ் இதற்கு எதிர்த்திசையில் போனார். நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு கொடுத்தால் இயற்கையே அதைச் சரிசெய்யும் என்பது அவர் கட்சி. ஆனால் அந்த ஓய்வு மூன்று குணங்களோடு இருக்க வேண்டும்: நோயாளியின் இஷ்டத்துக்கு விடாமல் கட்டாயமாக இருக்க வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது, நீண்ட நாள் நீடிக்க வேண்டும். அசையாமல் வைத்தால் மூட்டு இறுகிப் போகும் என்பது அன்றைய டாக்டர்களின் பயம். அதனால் வலிக்க வலிக்க அசைத்துவிடுவதும் உண்டு. இறுக வைப்பது வியாதியின் அழற்சிதானே தவிர ஓய்வு அல்ல என்று தாமஸ் வாதாடினார். 1875-ல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்.

ஓய்வு என்றால் படுக்கையில் போட்டு வைப்பதல்ல. கூலிக்காரன் மாதக்கணக்கில் படுத்தால் குடும்பம் என்ன ஆவது? மூட்டு ஓய்வெடுக்க வேண்டும், மனிதன் நடமாட வேண்டும். இந்த இடத்தில்தான் அவருடைய புத்தி பளிச்சிடுகிறது. வீட்டிலேயே ஒரு கொல்லரையும் தோல் வேலை செய்பவரையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கு அளவெடுத்துக் கருவிகள் செய்தார்.

முழங்கால் ஸ்ப்ளிண்டை எடுத்துக்கொள்வோம். தொடையின் உச்சியில், தோல் மெத்தை வைத்துத் தைத்த சாய்வான இரும்பு வளையம். அதன் இரு புறமிருந்தும் இரண்டு கம்பிகள் காலுக்கு இரு பக்கமாகப் பாதத்தையும் தாண்டி இறங்கும். நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பு அந்த வளையத்தின் மேல் அமரும். நல்ல காலின் பூட்ஸுக்கு அடியில் உயரத்துக்காக ஒரு இரும்பு வளையம். இப்போது நோயாளி நடந்தால், உடம்பின் பாரம் இடுப்பிலிருந்து கம்பி வழியாக நேரே தரைக்குப் போய்விடும். முழங்கால் பாரமே இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டு வரும். பாலம் கட்டுகிற இன்ஜினீயருக்குத் தோன்ற வேண்டிய யோசனை இது.

இடுப்புக்கு வேறு மாதிரி. முதுகிலிருந்து ஆடுதசைவரை உடம்பின் வளைவுக்கேற்ப வளைத்த ஒரு பட்டை இரும்பு. மார்பிலும் தொடையிலும் காலிலும் சுற்றிப் பிடிக்கும் பட்டைகள். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அணிய வேண்டும். குணமாயிற்றா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார். சில நாள் கழற்றி விடுவார். மூட்டின் வளைவு அப்படியே இருந்தால் குணம். மறுபடி கோணினால் மறுபடி இரும்பு. வலி நின்றுவிட்டது என்று நோயாளி சொல்வதை மட்டும் அவர் நம்புவதில்லை.

தாமஸ் டெஸ்ட் என்பதும் இதே இடுப்பைப் பற்றியதுதான். இடுப்பு மூட்டு மடங்கிய நிலையில் இறுகியிருந்தாலும், மல்லாந்து படுக்கும்போது முதுகை வளைத்துக் காலை நேராக நீட்டிவிட முடியும், குறை மறைந்துவிடும். நல்ல காலை மடக்கி வயிற்றோடு அணைத்தால் முதுகு படுக்கையில் படிந்துவிடும். உடனே நோயுற்ற தொடை தானாக மேலே எழும்பிக் காட்டிக்கொடுக்கும். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், காசும் வேண்டாம். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே அவர் காலமாகி நான்கு வருஷம் கழித்து, 1895-ல்தான்.

இவ்வளவு இருந்தும் வைத்திய உலகம் அவரை ஏற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி எதிலும் அவருக்குப் பதவி இல்லை. கட்டு வைத்தியர் மகன் என்ற முத்திரை ஒரு பக்கம். அவருடைய பேனா ஒரு பக்கம். எழுத்தெல்லாம் மற்ற சர்ஜன்களோடு சண்டை. புத்தகங்களையும் தாமே சொந்தமாக அச்சிட்டுக்கொண்டதால் அவை அதிகம் பரவவில்லை. சர்க்கார் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன், அடியில் யார் கையெழுத்து என்றுதான் மேலே இருப்பவர் பார்ப்பார். லண்டன் சர்ஜன்களும் அதையே செய்தார்கள். அமெரிக்காவிலிருந்து 1887-ல் ஜான் ரிட்லன் என்ற டாக்டர் நேரில் வந்து பார்த்து, தம் தேசத்தில் இந்த முறைக்காகப் பாடுபட்டார் என்பது ஒரு ஆறுதல்.

தாமஸ் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. மனைவி எலிசபெத்தின் சகோதரன் பிள்ளை ராபர்ட் ஜோன்ஸ் 1873-ல், பதினாறு வயதில் நெல்சன் தெரு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அங்கேயே வளர்ந்து, படித்து டாக்டராகி, பெரியவரின் கைவேலை முழுவதையும் கற்றுக்கொண்டான். குருவிடம் இருந்த கோபம் மட்டும் சிஷ்யனிடம் ஒட்டவில்லை. எல்லோரோடும் இனிமையாகப் பழகுவார். வித்தை பிழைத்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1891 ஜனவரி 6-ல் நிமோனியாவில் தாமஸ் காலமானார். வயது ஐம்பத்தாறுதான். லிவர்பூலின் உழைக்கும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து வழியனுப்பினார்கள்.

இருபத்துமூன்று வருஷம் கழித்து முதல் உலக யுத்தம் வந்தது. குண்டு பட்டுத் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் குலுங்கும்போதெல்லாம் முறிந்த எலும்பின் கூரிய முனைகள் சதையைக் கிழிக்கும், ரத்தம் போகும், அதிர்ச்சியில் உயிர் பிரியும். ராணுவத்தில் எலும்பு வைத்தியத்துக்குப் பொறுப்பேற்றிருந்த ராபர்ட் ஜோன்ஸ் மாமாவின் பழைய ஸ்ப்ளிண்டை முன்வைத்தார். பாதத்தைக் கீழ்நோக்கி இழுத்துக் கம்பியின் அடி முனையில் கட்டிவிட்டால், அதற்குச் சமமான எதிர்விசையை மேலே வளையம் இடுப்பெலும்பில் கொடுக்கும். இரண்டு விசைகளும் ஸ்ப்ளிண்டுக்குள்ளேயே சமன்பட்டுவிடுவதால் வெளியே எடை கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை; ஆளை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். நியூட்டனின் மூன்றாம் விதி இரும்பும் தோலுமாக உருவெடுத்தது என்பேன். இருட்டிலும் தவறாமல் மாட்ட வேண்டும் என்பதற்காக, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்களாம்.

1917-ல் அரஸ் போர்முனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடை முறிவுகளில் இறந்தவர் சுமார் 16 சதவீதம் என்று ராணுவ சர்ஜன் ஹென்றி கிரே கணக்கெடுத்தார். அதற்கு முன் 80 சதவீதம் இறந்தார்கள் என்று பல புத்தகங்களில் காணலாம். அந்த 80-க்குச் சரியான ஆதாரம் இல்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் சந்தேகிக்கிறார்கள். காயத்தைச் சுத்தம் செய்யும் முறைகளும் அதே சமயத்தில் மேம்பட்டன. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்த இரும்பு வளையம் காப்பாற்றிய உயிர்கள் கணிசமானவை.

படித்துவிட்டு யாரும் முழங்காலைக் கட்டிப்போட்டுப் படுத்துவிட வேண்டாம். நம் வயதில் வருகிற தேய்மானத்துக்கு இன்றைய வைத்தியம் இதற்கு நேர்மாறு: தொடைத் தசைகளுக்குப் பயிற்சி, உடல் எடைக் குறைப்பு, இயன்ற அளவு நடை. மூட்டுக் காசநோய்க்கு இப்போது மருந்து இருக்கிறது. தாமஸின் ஓய்வு அவர் காலத்து வியாதிக்கானது. ஆனால் மூட்டை எடுப்பதற்கு முன் அதைக் காப்பாற்ற எல்லா வழியையும் பார்க்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை இன்றைய நல்ல எலும்பு டாக்டர்களிடமும் காண்கிறேன்.

தொடை முறிந்தவரை ஆபரேஷன் வரை தாமஸ் ஸ்ப்ளிண்டில் கிடத்தும் வழக்கம் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. ராபர்ட் ஜோன்ஸுக்கு சர் பட்டம் 1917-ல் கிடைத்தது. 1933-ல் அவர் மறைந்தபோது அஸ்தியை லிவர்பூல் கதீட்ரலிலேயே வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரியும் பதவி கொடுக்காத மாமாவின் பெயர் ஸ்ப்ளிண்டோடு ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. அவர் ஞாயிறுதோறும் ஏழைகளைப் பார்த்த நெல்சன் தெரு இப்போது லிவர்பூலின் சைனா டவுன்.