கடனாளி எழுதிய கணக்குப் பாடம்

டேனியல் டீஃபோ என்றதும் ராபின்சன் குரூசோவும் ஆளற்ற தீவும் நினைவுக்கு வருவது இயல்பு. எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல், சேமிப்பும் கடனும் குறித்துப் பத்திரிகைகளுக்கு எழுதிவரும் எனக்கோ அவர் வேறொரு வகையில் நெருக்கமானவர். சிறு வணிகர்கள் தம் கைப்பணத்தைக் காத்துக்கொள்ளும் வழியை எளிய மொழியில் எழுதிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். அந்தத் தகுதியை அவருக்கு ஈட்டித் தந்தது வெற்றியன்று.

1660-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் மெழுகுவத்தி வணிகரின் மகனாகப் பிறந்தார். 1684-இல் மணமுடித்தபோது கைக்கு வந்த சீதனம் 3,700 பவுண்டு. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். காலுறை விற்றார், மது இறக்குமதி செய்தார், கப்பல்களுக்குக் காப்பீடு அளித்தார். கடலடிப் புதையலை எடுக்கும் மூழ்குகலத்தில் முதலிட்டார். வாசனைப் பொருளுக்காகச் சுமார் 70 புனுகுப் பூனைகளைக் கடனுக்கு வாங்கினார். பிரான்சுடன் போர் மூண்டது. காப்பீடு அளித்த கப்பல்கள் பறிபோயின. 1692-இல் திவாலானபோது கடன் ஏறத்தாழ 17,000 பவுண்டு. போரின்மீது பழிபோடலாம்தான்; ஆனால், பூனைகளை வாங்கச் சொன்னது போரன்று.

அன்றைய இங்கிலாந்தில் கடனாளியைச் சிறையில் அடைப்பார்கள். அடைபட்டவன் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காதவன் கடனைத் தீர்க்கவும் முடியாது. அந்தச் சிறையைக் கண்டு வந்த டீஃபோ, 1697-இல் வெளியிட்ட 'திட்டங்கள் பற்றிய கட்டுரை' என்ற நூலில் இந்த மடமையைச் சாடினார். உள்ளதையெல்லாம் ஒப்படைக்கும் நேர்மையான கடனாளியை விடுவிக்க வேண்டும், சொத்தை ஒளிப்பவனையே தண்டிக்க வேண்டும் என்பது அவர் வாதம். உழைப்பாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்தி முதுமையில் பெறும் ஓய்வூதியம், விதவைகளுக்கான காப்பீடு, பெண்களுக்கான கல்விக்கூடம் ஆகியவற்றையும் அந்நூல் முன்மொழிந்தது. பின்னாளில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், இளமையில் தம்மைப் பாதித்த நூல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்.

1703-இல் அரசியல் துண்டுப் பிரசுரம் ஒன்றுக்காகக் கைதானார். கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி, மூன்று நாள்கள் பொதுவெளியில் நிறுத்தினார்கள். சிறையிலிருந்த காலத்தில் அவருடைய செங்கற்சூளையும் நொடித்தது. அமைச்சர் ராபர்ட் ஹார்லி அவரை மீட்டார். 1704 முதல் 1713 வரை 'ரெவ்யூ' இதழைப் பெரும்பாலும் தனியொருவராகவே, நீண்ட காலம் வாரம் மும்முறை, எழுதினார். வணிகம், கடன், திவால் எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆனால், ஹார்லி ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தது வாசகர்களுக்குத் தெரியாது. இந்த இடத்தில் அவரை என்னால் மன்னிக்க இயலவில்லை. பணத்தைப் பற்றி எழுதுபவருக்குப் பணம் தருபவர் யார் என்பதை அறியும் உரிமை வாசகருக்கு உண்டு.

நேர்மையான கடனாளிக்கு விடுதலை தரும் சட்டம் 1706-இல் வந்தது; மோசடி செய்பவனுக்கு அது மரண தண்டனையையும் விதித்தது. ஆயினும் பழைய கடன்கள் டீஃபோவை விடவில்லை.

1719-இல், அறுபதை நெருங்கும் வயதில், குரூசோவை எழுதினார். தீவில் ஒதுங்கிய குரூசோ தன் துன்பங்களையும் நன்மைகளையும் பற்று, வரவு போல எதிரெதிரே எழுதிப் பார்ப்பது எனக்கு வியப்பளிப்பதில்லை. 1725-இல் வெளியான 'முழுமையான ஆங்கில வணிகர்' நூலே அவருடைய நிதி எழுத்தின் உச்சம் என்பேன். கடிதங்களாக அமைந்த அந்நூல், கணக்கேட்டை நாள்தோறும் சரிபார், சக்திக்கு மீறி வணிகத்தை விரிக்காதே, மனைவிக்குத் தொழிலைக் கற்றுக்கொடு, நாளை நீ இல்லாவிட்டாலும் அவள் நடத்த வேண்டும் என்கிறது. அனைத்தினும் துணிச்சலான அறிவுரை ஒன்றுண்டு: மூழ்குவது உறுதியெனில் தாமதிக்காமல் கடையை மூடு, கையில் எஞ்சியிருக்கும்போதே கடன்காரர்களிடம் பேசு. வட்டிக்கு வட்டி வாங்கிக் கடைசிவரை கௌரவம் காப்பவர்களை நாமும் தினமும் காண்கிறோம்.

1731 ஏப்ரல் 24 அன்று, லண்டனின் ரோப்மேக்கர் சந்தில் ஒரு வாடகை அறையில் டீஃபோ இறந்தார். பல்லாண்டுகளுக்கு முந்தைய கடனைக் கேட்டு வழக்குத் தொடுத்த ஒருவரிடமிருந்து தப்பி, குடும்பத்தைப் பிரிந்து அங்கே ஒளிந்திருந்தார்.