முயல், துணி பொம்மை, ஒரு தோட்டம்... பீட்ரிக்ஸ் பாட்டர் தனக்கென ஒரு வாழ்க்கையை உருவாக்கின கதை!

நீல கோட் போட்ட ஒரு குட்டி முயல். அடுத்தவர் தோட்டத்துக்குள்ள நுழைஞ்சு முள்ளங்கியைத் தின்னுட்டு, தோட்டக்காரர் கையில மாட்டாம தப்பிச்சு ஓடும். கதைப் புத்தகமாவோ, கார்ட்டூனாவோ, 2018-ல வந்த சினிமாவாவோ 'பீட்டர் ராபிட்'டை நீங்க பார்த்திருப்பீங்க. அந்த முயலை உருவாக்கின பீட்ரிக்ஸ் பாட்டரை, குழந்தைகளுக்குக் கதை எழுதின ஒரு வெள்ளைக்காரம்மான்னு மட்டும் நினைச்சுக் கடந்து போயிடுறோம்.

ஆனா செடி வளர்க்கிறது, துணியில பொம்மை தைக்கிறது, பூனையோட மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கிறதுன்னு ஏதாவது ஒரு பழக்கம் உங்களுக்கு இருந்து, இதெல்லாம் எதுக்கு, வேற வேலையே இல்லையான்னு வீட்டுல யாராவது கேட்டிருந்தா, இவரோட வாழ்க்கை உங்களுக்குத்தான்.

மாடியில் ஒரு குட்டி மிருகக்காட்சி சாலை

பீட்ரிக்ஸ் பிறந்தது 1866-ம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி, லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியில். அப்பா ரூபர்ட் சட்டம் படித்தவர். குடும்பச் சொத்து பருத்தி வியாபாரத்தில் வந்தது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனா பீட்ரிக்ஸைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே ஆசிரியைகள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. வெளியில ஃபிரெண்ட்ஸ்னு சொல்லிக்க ஆள் இல்லை.

அந்தத் தனிமைக்குத் துணையா வந்தது செல்லப் பிராணிகள். பீட்ரிக்ஸும் ஆறு வயசு இளைய தம்பி பெர்ட்ரமும் மாடி அறையில் முயல், சுண்டெலி, தவளை, பல்லி, முள்ளெலி, வௌவால்னு ஒரு கூட்டத்தையே வளர்த்தாங்க. கொஞ்சுறதோட நிறுத்தல. ஒவ்வொண்ணும் எப்படி உட்காருது, எப்படித் தின்னுது, எப்படித் தூங்குதுன்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சாங்க. ஏதாவது செத்துப்போனா, அதோட எலும்புக்கூட்டையும் எடுத்து வெச்சு ஆராய்ஞ்சாங்க. பிற்பாடு அவர் வரைந்த முயல் கோட் போட்டிருந்தாலும் நிஜ முயலாவே தெரியுதுன்னா, அதுக்குக் காரணம் இந்தப் பயிற்சிதான்.

பதினஞ்சு வயசு வாக்கில், தானே கண்டுபிடிச்ச ரகசிய எழுத்துல டைரி எழுத ஆரம்பிச்சார். முப்பது வயசு வரைக்கும் எழுதினார். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, 1958-லதான் அந்த எழுத்தை ஒருத்தரால படிக்க முடிஞ்சது. அவ்வளவு பெரிய வீட்டில, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை வேணும்னா அதைத் தானேதான் உருவாக்கிக்கணும்கிற நிலைமை.

முயல் சம்பாதித்த முதல் பணம்

பெஞ்சமின் பவுன்சர்னு அவருக்கு ஒரு முயல் இருந்தது. அதுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி நடைப்பயிற்சிக்கே கூட்டிட்டுப் போவார். 1890-ல அதை மாடலா வெச்சு வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு நிறுவனம் 6 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அவர் தன் கையால சம்பாதித்த முதல் பணம்.

அடுத்து வந்தது பீட்டர். லண்டன் கடைத்தெருவில் 4 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து வாங்கின முயல். வளையத்துக்குள்ள தாவும், மணி அடிக்கும். 1893 செப்டம்பர் 4-ம் தேதி, தன் பழைய ஆசிரியையின் மகன், ஐந்து வயசு நோயல், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்குக் கடிதம் எழுத விஷயம் எதுவும் தோணாததால, பீட்டரோட பேர்ல ஒரு கதையைப் படங்களோட எழுதி அனுப்பினார். உலகம் முழுக்கப் போன அந்தக் கதை, ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்க எழுதின கடிதம்தான்.

மூடிய ஒரு கதவு

இதுக்கு நடுவுல அவருக்குக் காளான் மேல ஆர்வம் வந்தது. நூற்றுக்கணக்கான காளான்களை வண்ணத்தில் வரைந்தார். காளான் வித்துகள் எப்படி முளைக்கின்றனன்னு வீட்டிலேயே வளர்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கட்டுரையும் எழுதினார். 1897 ஏப்ரலில் அந்தக் கட்டுரை லண்டன் லின்னேயன் சொசைட்டி கூட்டத்துக்குப் போனது. ஆனா அவர் போக முடியல. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. கட்டுரையைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். அச்சில் வரவே இல்லை. நூறு வருஷம் கழிச்சு, 1997-ல, பெண்களை அப்படி நடத்தினதுக்கு அந்த அமைப்பு வருத்தம் தெரிவிச்சது.

விஞ்ஞானி ஆகும் வழி அங்கே அடைபட்டது. வரைவதை மட்டும் அவர் விடவில்லை.

கையால் தைத்த பீட்டர்

நோயலுக்கு எழுதின கதையைப் புத்தகமாக்க நினைச்சார். குழந்தைங்க கையில அடங்குற சின்ன புத்தகமா, விலை குறைவா இருக்கணும்கிறது அவர் ஆசை. பதிப்பாளர்கள் ஒவ்வொருத்தரா மறுத்தாங்க. 1901 டிசம்பரில் சொந்தக் காசு போட்டு 250 பிரதிகள் அச்சடித்தார். அதே வருஷ ஆரம்பத்துலதான் நிஜ பீட்டர் செத்துப்போயிருந்தது. 1902-ல ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோட அதை வெளியிட, விற்பனை அள்ளிட்டுப் போச்சு.

1903-ல அவர் ஊசி நூலை எடுத்தார். துணியில் பீட்டர் பொம்மையைத் தானே வெட்டித் தைத்தார். அது நேரா நிற்கணும்னு பாதத்தில் ஈயக் குண்டுகளை வைத்தார். அதோட நிக்காம, அந்த வருஷம் டிசம்பர் 28-ம் தேதி காப்புரிமை அலுவலகத்தில் பொம்மையைப் பதிவும் செய்தார். அடுத்த வருஷம் பீட்டரை வெச்சு ஒரு போர்டு கேமையும் வடிவமைச்சார். கதாபாத்திரங்களைப் பொம்மையா, விளையாட்டா விக்கிற இன்றைய வியாபாரத்தை இவர் அப்பவே செய்துவிட்டார். கைவேலைதானேன்னு அவர் அதை மலிவா நினைக்கல. தன்னோட உழைப்புக்குத் தன் பேர் இருக்கணும்னு நினைச்சார்.

ஒரு மாசக் கல்யாணக் கனவு

பதிப்பாளர் குடும்பத்தின் இளைய மகன் நார்மன் வார்னும் கைவேலைப் பிரியர். அண்ணன் மகளுக்கு மர பொம்மை வீடு செய்து கொடுத்தவர். பீட்ரிக்ஸ் வளர்த்த சுண்டெலிகளுக்கும் கண்ணாடி வைத்த ஒரு வீடு செய்து கொடுத்தார். பொம்மை வீட்டுக்குள் எலிகள் புகுந்து ரகளை செய்யும் கதை 1904-ல வெளியானது.

1905 ஜூலையில் நார்மன் கடிதத்தில் திருமணம் கேட்டார். பீட்ரிக்ஸ் சம்மதித்தார். பெற்றோர் எதிர்த்தாங்க. வியாபாரம் செய்யுற குடும்பம் வேண்டாமாம்! தாங்க உட்கார்ந்து சாப்பிட்டதும் வியாபாரத்தில் வந்த பணம்தான்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. பீட்ரிக்ஸ் பின்வாங்கல. ஆனா நிச்சயமாகி ஒரே மாசத்தில், ஆகஸ்ட் 25-ம் தேதி, நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். வயசு 37. பீட்ரிக்ஸுக்கு 39.

மண்ணைத் தொட்ட கை

அந்த வருஷமே பீட்ரிக்ஸ், இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்டத்தில், நியர் சாவ்ரே கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். புத்தகப் பணமும் அத்தை விட்டுச்சென்ற கொஞ்சம் பணமும் சேர்ந்து வாங்கினது. லண்டனில் வயசான பெற்றோரைக் கவனிச்சுக்கிட்டே, கிடைச்ச நேரத்தில் இங்கே ஓடி வருவார்.

தோட்ட வேலை அவருக்குப் புதுசு. அக்கம்பக்கத்தினர் ஆளுக்கொரு செடி கொடுத்தாங்க. ஹானஸ்டின்னு ஒரு பூச்செடி உண்டு. அந்த ஆங்கில வார்த்தைக்கு நேர்மைன்னு அர்த்தம். யாரோ எரிக்கிறதுக்காகக் குப்பையில் போட்டிருந்த அந்தச் செடியைச் சொல்லாம எடுத்துட்டு வந்து நட்டதை, நார்மனோட அக்காவுக்குக் கடிதத்தில் வேடிக்கையா எழுதினார். துக்கத்துக்கு அப்புறம் மெல்ல வந்த சிரிப்பு அது. பூவும் காய்கறியும் கலந்து வளர்ந்த அந்தத் தோட்டமும், பண்ணை வாத்தும், பூனையும், நாயும் அடுத்தடுத்த புத்தகங்களில் வந்தன. வீட்டுக்குள் புகுந்து தொல்லை கொடுத்த பெருச்சாளிகள்கூட ஒரு கதையானது.

நிலம் வாங்க உதவிய உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 1913 அக்டோபரில், 47 வயசில் கல்யாணம் செய்துகொண்டார். அப்பவும் பெற்றோர் எதிர்த்தாங்க. அப்போதான் தம்பி பெர்ட்ரம், தனக்குக் கல்யாணமாகி 11 வருஷமாச்சுன்னு சொல்லி அவங்களை வாயடைக்க வெச்சார்!

மிச்சம் வைத்துப் போனது

அதுக்கப்புறம் பீட்ரிக்ஸ் முழுநேர விவசாயி. கனத்த கம்பளி ஆடையும் மரக் காலணியும் போட்டுக்கிட்டு, அந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் செம்மறி ஆடுகளை வளர்த்தார். போட்டிகளில் பரிசு வாங்கினார். 1943-ல அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராவும் தேர்வானார். பொறுப்பேற்கும் முன்பே, டிசம்பர் 22-ம் தேதி, 77 வயசில் இறந்தார். வீடு கட்டுறவங்க கையில மலையும் மேய்ச்சலும் துண்டு துண்டா ஆகிடக்கூடாதுன்னு, பார்த்துப் பார்த்து வாங்கின 4,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். இன்னைக்கும் ஏரி மாவட்டத்துக்குப் போறவங்க அந்த நிலத்தில் ஆடுகள் மேயறதைப் பார்க்கலாம். ஹில் டாப் வீடும் தோட்டமும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கு.

அவருக்கு வசதி இருந்தது, உண்மைதான். எல்லாருக்கும் பண்ணை வாங்க முடியாது. ஆனா அந்த வசதியான வீட்டில் அவர் இஷ்டத்துக்கு விடப்பட்டது முயலும் பென்சிலும் மட்டும்தான். யாரும் பெருசா எடுத்துக்காத அந்த ரெண்டையும் அவர் பெருசா எடுத்துக்கிட்டார். முயல் படமாச்சு, படம் பணமாச்சு, பணம் நிலமாச்சு. அந்த நிலத்தில்தான் அவருக்குச் சொந்தமா ஒரு வாழ்க்கை கிடைச்சது.

உங்க பால்கனி துளசியும், பாதி பின்னின ஸ்வெட்டரும் பணமா மாறணும்னு அவசியமே இல்லை. ஆனா அடுத்த தடவை பூனையை போட்டோ எடுக்கும்போது, போனைக் கீழே வெச்சுட்டு அஞ்சு நிமிஷம் அது என்ன பண்ணுதுன்னு பாருங்க. பீட்ரிக்ஸ் ஆரம்பிச்சது அங்கேதான்.