ஹெலன் கெல்லரும் உறைபனிக் கதையும்

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் 1880ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பது திங்கள் குழவியாயிருந்தபோது நோயுற்றுச் செவிப்புலனையும் கட்புலனையும் ஒருங்கே இழந்தார். 1887இல் ஆசிரியை ஆனி சல்லிவன், சிறுமியின் ஒரு கையில் நீரைப் பாய்ச்சி மறுகையில் அதன் பெயரை விரலால் எழுதிக் காட்டிய நிகழ்ச்சியை அறியாதார் இலர். நான்காண்டுகள் கழித்து நேர்ந்த மற்றொன்றைப் பாடநூல்கள் பேசுவதில்லை. கவிதை எழுதுவோர் அறியவேண்டியது அதுவே.

1891இல் ஹெலன் ‘உறைபனி அரசன்’ என்றொரு கதை எழுதி, பாஸ்டன் நகரின் பெர்கின்சு பார்வையற்றோர் பள்ளித் தலைவர் அனாக்னோசுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். மகிழ்ந்த அவர் அதனை அச்சேற்றினார். மார்கரெட் கேன்பி என்பார் முன்னரே எழுதிய கதையொன்றை அது பெரிதும் ஒத்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. என்றோ ஒருநாள் விரல்வழி கேட்ட கதை, கேட்டது என்னும் நினைவு மறைந்து, சொல்லாக மட்டும் உள்ளே தங்கியிருந்தது போலும்.

பதினொரு வயதுச் சிறுமியை எண்மர் குழு விசாரித்தது. ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டே விசாரித்தது. நால்வர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். தலைவரின் வாக்கால் ஹெலன் தப்பினார். செவியுள்ள குழந்தை தாலாட்டிலும் தெருவிலும் ஆயிரம் வாயில்களில் சொல்லைப் பெறுகிறது. எங்கே பெற்றாய் என எவரும் வினவுவதில்லை. ஹெலனுக்கு வாயில் உள்ளங்கை ஒன்றே. ஆதலின் சொல்லுக்குச் சொல் கணக்குக் கேட்க முடிந்தது. முன்னோர் மொழியைப் போற்றி எடுத்தாள்வதை வழிநூலுக்கு மரபாகவே வகுத்த நன்னூலார் அவ்வவையில் இருந்திருப்பின் தீர்ப்பு வேறாகியிருக்கும்! கேன்பி அம்மையாரோ சினவாது, அன்போடு மடல் எழுதினார்.

ஆயினும் அச்சம் நீங்கவில்லை. தாய்க்கு எழுதும் கடிதத்திலும், இவ்வரி தமதுதானா என்று ஹெலன் நடுங்கினார். 1903இல் தன்வரலாறு வெளிவந்தது. 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். (பாளையங்கோட்டையில் ஃபுளோரன்சு ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் 19ஆம் நூற்றாண்டின் அவ்விறுதிப் பகுதியிலேதான்.) நெய்வேலி நிறுவனம் தோன்றுவதற்கு முந்தைய ஆண்டாகிய 1955இல் இந்தியா வந்து, நேருவின் முகத்தை விரல்களால் தடவி அறிந்தார். 1968இல் மறைந்தார்.

இப்புகழுக்கிடையே, 1910இல் அவர் வெளியிட்ட நெடுங்கவிதை பலர் கண்ணில் படவில்லை. அது வயலோரக் கற்சுவர் ஒன்றைப் பற்றியது. கற்களைக் கையால் தொட்டறிந்து எழுதியது.