பள்ளிப் படிப்பு பாதியில் நின்றும் கல்லூரி புகுந்தவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

நம் காரைக்குடியிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் புதுக்கோட்டையை அடையலாம். நம் தோழியர் பலருக்கு அங்கே உற்றாரும் உறவினரும் உண்டு. இராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி போன்ற நகரத்தார் ஊர்கள் இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அந்நாளில் அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம்; 1948ஆம் ஆண்டில்தான் இந்திய நாட்டுடன் இணைந்தது. நமக்கு இத்தனை அருகில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவருடைய பெயரை அறியாதவர் நம்மில் இரார். ஆனால் அவர் எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விமான். மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசையையும் ஆடலையும் வழிவழியாகப் போற்றி வந்த குலத்தவர். அக்குலத்துப் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இந்தத் திருமணத்தின் காரணமாகத் தந்தையாரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். ஆகவே பிறக்கும்போதே இரண்டு பக்கமும் ஏச்சுக்கு இடமான குழந்தையாக முத்துலட்சுமி பிறந்தார் எனலாம்.

சிறுமி திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெண்பிள்ளைக்குப் பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும் என்பதே அன்றைய வீட்டாரின் எண்ணம். முத்துலட்சுமியின் வீட்டிலும் முதலில் அந்த எண்ணந்தான் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரோ பிள்ளையின் கூர்மையைக் கண்டு ஆங்கிலமும் கற்பித்துவிட்டார். பின்னர் தந்தையாரும் மகளின் ஆர்வத்தை உணர்ந்து, ஆண்பிள்ளைகள் பயின்ற பள்ளியிலேயே அவரைத் தொடர்ந்து படிக்க வைத்தார்.

பதின்மூன்று வயதளவில் பருவம் எய்தியதும், அக்கால வழக்கப்படி அவர் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். அந்த வயதில் படிப்பு நின்றுபோன பெண்கள் அன்று எண்ணற்றவர். தாயார் திருமணத்தைப் பற்றிப் பேசலானார். தாயார் பிறந்த குலத்தில் பெண்ணுக்குக் காத்திருந்த இன்னொரு வாழ்க்கையையும் நாம் மறக்கலாகாது. படிப்பு நின்றிருந்தால் அம்மையாரின் வாழ்வு எத்திசையில் சென்றிருக்கும் என்று எண்ணும்போது நம் மனம் நடுங்குகிறது.

ஆனால் பள்ளி நின்றதே ஒழியப் படிப்பு நிற்கவில்லை. வீடே வகுப்பறை ஆயிற்று. தந்தையார் தாமும் கற்பித்தார். ஆசிரியரை வைத்தும் கற்பித்தார். வகுப்புத் தோழியர் இல்லை, மணி அடிப்பார் இல்லை, முந்தி வரவேண்டும் என்ற போட்டியும் இல்லை. தானே உட்கார்ந்து, தானே படித்து, தானே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டிய நிலை. விடுமுறையில் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எடுப்பதற்கே நாம் எவ்வளவு சிரமப்படுகிறோம்! அம்மையாரோ ஆண்டுக் கணக்கில் அவ்வாறு படித்தார்.

இங்கே ஒரு செய்தியை நாம் விளக்கியாக வேண்டும். 1857ஆம் ஆண்டு தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் என்னும் தேர்வை நடத்தி வந்தது. இது பல்கலைக்கழகமே வைத்த நுழைவுத் தேர்வு. இதில் தேறியவர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேரத் தகுதி பெறுவார். பள்ளியில் முறையாகப் பயின்றவர் மட்டுமன்றித் தனியே பயின்றவரும் இத்தேர்வை எழுதினர். பாடம் தெரியுமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. பள்ளியை முடிக்காத முத்துலட்சுமிக்கு இந்த ஏற்பாடே வாயில் ஆயிற்று. 1902ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதளவில், தனித்தேர்வராக எழுதித் தேறினார்.

தேறிவிட்டால் போதுமா? அடுத்த தடை அதைவிடப் பெரிதாக இருந்தது. புதுக்கோட்டையில் இருந்த ஒரே கல்லூரி மகாராஜா கல்லூரி. அதுவோ ஆண்கள் கல்லூரி. பெண்ணொருத்தி விண்ணப்பம் செய்தாள் என்றதும் ஊரே பேசியது. கல்லூரிப் பொறுப்பில் இருந்தோர் தயங்கினர். மாணவர்களின் பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெண் என்பது ஒரு குறை. தாயாரின் குலம் மற்றொரு குறை. அவருடைய மதிப்பெண்ணைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

செய்தி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் செவிக்கு எட்டியது. அவர் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல், 1904ஆம் ஆண்டில் முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டார், உதவித்தொகையும் அளித்தார். இன்று மன்னர் கல்லூரி என்று வழங்கும் அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் அவரே. திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பிலும் மாணவர் பார்வைக்கு மறைவாகத் தனியே அமர்ந்து அவர் பாடம் கேட்டார். இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் நடுவே எப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார்.

அதே 1904ஆம் ஆண்டில், காவிரிக்கரைக் கும்பகோணத்தில் மற்றோர் இளைஞர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அவர்தாம் கணித மேதை இராமானுஜன். பள்ளி இறுதியில் சிறந்து விளங்கிய அவர் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். ஆயினும் 1913ஆம் ஆண்டில் அதே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்துப் பெருமை தேடிக்கொண்டது. ஒருவருக்குத் தேர்வு வழியைத் திறந்தது. மற்றவருக்குத் தேர்வே தடையாயிற்று. இருவரிடத்தும் மெய்யான அறிவு இருந்தது. அதை உணர்ந்து ஏற்றுக்கொள்ளும் பெரிய மனமும் எங்கோ ஓரிடத்தில் இருந்தது. இவ்விரண்டும் கூடினால்தான் வழி பிறக்கிறது.

1907ஆம் ஆண்டு அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1912ஆம் ஆண்டில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவராகப் பணியேற்றார். 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பப்படி பணி செய்யத் தடை சொல்லலாகாது என்பதை முன்னரே தெளிவாக்கிய பின்பே மணத்திற்கு இசைந்தார்.

1927ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி இவரே. பெண்களின் திருமண வயதை உயர்த்தவும், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் அங்கே அயராது வாதாடினார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930ஆம் ஆண்டில் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. தம் தாய்க்குலத்தின் கண்ணீரைத் துடைக்க அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

அம்மையார் செய்த பணிகளுள் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ஒன்று உண்டு. பொட்டுக்கட்டும் வாழ்க்கைக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியர் சிலர் 1930ஆம் ஆண்டில் அவரை அடைந்தனர். அவர்களைத் தங்கிப் படிக்க வைக்க விடுதிகளை நாடினார், இடம் கிடைக்கவில்லை. குலத்தைக் காரணம் காட்டிக் கதவடைக்கப்படுவதன் வேதனையை அம்மையாரைவிட அறிந்தவர் யார்? தம் சொந்த வீட்டிலேயே அவர்களுக்கு இடங்கொடுத்தார். அதுவே ஒளவை இல்லம் ஆயிற்று. ஒரு நாள் அவருக்காக ஒருவர் கதவைத் திறந்தார். அவர் பலருக்காகத் திறந்து வைத்தார்.

தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் பாடுபட்டார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. இன்று ஏழை எளியவர் எத்தனையோ பேர் நாடிச் செல்லும் இடமாக அது வளர்ந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பள்ளியை முடிக்காமலே இவ்வளவும் சாதித்தாரே, நமக்கு மட்டும் பள்ளி எதற்கு என்று எந்தத் தோழியும் எண்ண வேண்டாம். அவர் பள்ளியை விட்டு விலகவில்லை, விலக்கப்பட்டார். நாம் நாள்தோறும் அமர்ந்து பாடம் கேட்கும் பெஞ்சு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதை விட்டு அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

ஆயினும் நம்முடன் படித்தவர்களுள், வீட்டு நிலையாலோ உடல்நலக் குறைவாலோ தேர்வில் தவறியதாலோ இடையில் நின்றுவிட்ட தோழியர் இருப்பர். அவர்களைச் சந்தைப்பேட்டையிலோ கோவில் திருவிழாவிலோ காணும்போது நாம் என்ன சொல்கிறோம்? நலம் விசாரித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். இனிமேல் இந்த வரலாற்றைச் சொல்வோம். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுத நம் அரசுத் தேர்வுத் துறை வழி வைத்திருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. நம் பழைய பாடநூல்களையும் குறிப்புகளையும் அவர்களிடம் கொடுப்போம். நம்மால் இயன்ற சிறு கதவு அதுவே.

பெற்றோர்களுக்கும் பணிவுடன் ஒரு சொல். அந்தப் பதின்மூன்று வயதில் மகளின் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட நாராயணசாமி ஐயருக்கு ஊரார் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. ஆண்டவர் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனின் கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தம் மகளின் தாலந்தைப் புதைக்க மறுத்த ஒரு தந்தையால் நாட்டுக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார். ஆதரவற்ற சிறுமியருக்கு ஓர் இல்லம் கிடைத்தது. நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கிடைத்தது.

அம்மையாரின் புகழ் ஓங்குக! அவர் காட்டிய வழியில் நம் தோழியர் அனைவரும் கற்று உயர்க!