விண்மீன்களின் உள்ளே நோக்கிய சேர் ஆதர் எடிங்டன் (1882 – 1944)

சூரியன் எதை எரித்து ஒளி தருகின்றது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இக்கேள்விக்குச் சரியான விடை இருக்கவில்லை. நிலக்கரி போல எரிவதாயின் அது சில ஆயிரம் ஆண்டுகளிலேயே சாம்பலாகியிருக்கும். தன் ஈர்ப்பினால் சுருங்குவதாலேயே சூரியன் வெப்பம் பெறுகின்றது என்றார் கெல்வின் பிரபு. அப்படியாயின் அதன் வயது சில கோடி ஆண்டுகள்தான். பூமியின் பாறைகளோ அதைவிட மிகப் பழையவை. பிள்ளையைவிடத் தாய் இளையவளாக இருக்க முடியுமா? இச்சிக்கலை அவிழ்க்க வழிகாட்டியவரே ஆதர் ஸ்டான்லி எடிங்டன்.

இவர் 1882 டிசெம்பர் 28 இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். பாடசாலை அதிபரான தந்தை நெருப்புக்காய்ச்சலால் இறந்தபோது இவருக்கு இரண்டு வயதும் நிரம்பியிருக்கவில்லை. புலமைப்பரிசில்களே இவரை மான்செஸ்டருக்கும் பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் கொண்டுசென்றன. அங்கு 1904 இல் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதற்தடவை. 1913 இல் பேராசிரியரானார். 1919 ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்தவர் இவர் என்பதை மாணவர் பலர் அறிவர். நமக்கு இங்கு வேண்டியது அதற்கு அடுத்த ஆண்டு.

1920 இல் கார்டிப் நகரில் நிகழ்த்திய உரையில் எடிங்டன் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். ஐதரசன் அணுவின் திணிவு 1.008. நான்கு சேர்ந்தால் 4.032. ஆனால் அந்நான்கிலிருந்து உருவாகக்கூடிய ஈலியம் அணுவின் திணிவு 4 இற்குச் சற்றே அதிகம். ஆயிரத்தில் ஏறக்குறைய 7 பங்கு குறைகின்றது. குறைந்த திணிவே சக்தியாக வெளிவருகின்றது என்றார். சூரியனில் இன்று ஒவ்வொரு செக்கனிலும் சுமார் 40 இலட்சம் தொன் திணிவு இவ்வாறு சக்தியாக மாறுகின்றது. (விடையில் திணிவு என்பதற்குப் பதிலாக நிறை என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.)

அறிஞர் பலர் மறுத்தனர். நேரேற்றமுள்ள கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அவற்றை இணைக்க விண்மீனின் வெப்பம் போதாது என்பது அவர்கள் வாதம். எடிங்டன் அசையவில்லை. 1928 இல் காமோவ் விளக்கிய குவாண்டம் ஊடுருவல் வழியைத் திறந்தது. 1939 இல் பெத்தே இணைவின் படிமுறைகளை விளக்கினார்.

திணிவை அளப்பது எப்படி? விண்மீனைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒன்றையொன்று சுற்றும் சோடி விண்மீன்கள் உண்டு. சிரியசு சோடியின் சராசரி இடைத்தூரம், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. சுற்றுக்காலம் ஏறக்குறைய 50 ஆண்டு. தூரத்தின் கனம் 8000. காலத்தின் வர்க்கம் 2500. வகுத்தால் 3.2, அதாவது இரண்டும் சேர்ந்து சூரியனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கணக்கென்று பயப்பட ஒன்றுமில்லை, கெப்லரின் மூன்றாம் விதிதான். இவ்வாறு அளந்த திணிவுகளைக் கொண்டு, திணிவு கூடக்கூட ஒளிர்வு மிக வேகமாகக் கூடும் என்பதை 1924 இல் எடிங்டன் காட்டினார். சூரியனைப்போல் இரு மடங்கு திணிவுள்ள விண்மீன் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி தரும். ஆகவே அதன் எரிபொருளும் விரைவில் தீரும்.

எரிபொருள் தீர்ந்த பின் என்ன ஆகும்? இங்குதான் எடிங்டன் இடறினார். தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர், வெள்ளைக் குறளி விண்மீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேற்பட்டால் அது சுருங்கிக்கொண்டே போகும் என்று கணித்தார். 1935 ஜனவரி 11 இல் இலண்டனில் அவர் அதை வாசித்து முடித்ததும், எடிங்டன் எழுந்து சபை சிரிக்கும்படி அதை மறுத்தார். சந்திரசேகருக்கு அப்போது வயது 24. கணக்குச் சரியென அறிந்த சிலர்கூட வெளிப்படையாகப் பேசவில்லை. தன் கருத்தைப் பிறர் மறுத்தபோது உறுதியாக நின்றவரே இப்படி நடந்தது வியப்புத்தான். ஆயினும் இருவரிடையே நட்பு முறியவில்லை.

எடிங்டன் 1944 நவம்பர் 22 இல் கேம்பிரிட்ஜில் காலமானார். அந்த எல்லை சூரியத் திணிவின் ஏறக்குறைய 1.4 மடங்கு. அது இன்று சந்திரசேகர் எல்லை எனப்படுகின்றது. 1983 இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.