சுலோசன முதலியார்

சுலோசன முதலியார் 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றியவர். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உயர் பதவிகளுள் அது ஒன்றாகும். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் தாமிரபரணிப் பாலத்தைத் தமது சொந்தப் பணத்தில் கட்டுவித்ததால் இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

பாலப் பணி

1840களின் தொடக்கத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகையே நம்ப வேண்டியிருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். அப்போதைய ஆட்சியர் ஈ. பி. தாம்சன் பாலம் கட்ட முனைந்தார். அதற்கான செலவு சுமார் 50,000 ரூபாய். பலரிடம் நன்கொடை திரட்டுவதற்கு மாறாக, முதலியார் ஒருவரே அத்தொகையை ஏற்றார். அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றித் தந்தார் என்ற செய்தி நெல்லையில் செவிவழியாக வழங்கி வருகிறது.

பாலம் 1843இல் திறக்கப்பட்டது. 760 அடி நீளமும் 11 வளைவுகளும் கொண்ட இப்பாலம், லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைக்கப்பட்டதாகக் கூறுவர். அந்த லண்டன் பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது. நெல்லைப் பாலம் நிற்கிறது. 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் சேதமடைந்த பகுதிகள் 1871இல் சீரமைக்கப்பட்டன.

அகலமும் விபத்து வாய்ப்பும்

பாலத்தின் தொடக்க அகலம் 21.5 அடி, அதாவது ஏறத்தாழ 6.5 மீட்டர். எதிரெதிரே வரும் இரு மாட்டு வண்டிகளுக்கு இது தாராளம். பேருந்துகளுக்கு அப்படியன்று. ஒரு பேருந்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர், இரண்டு கடக்கையில் மிஞ்சும் ஒன்றரை மீட்டரில்தான் இருபக்க இடைவெளி, நடு இடைவெளி, பாதசாரி, மிதிவண்டி அனைத்தும் அடங்க வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் பால விதிகளின்படி வண்டிப்பாதையின் குறைந்தபட்ச அகலம் ஒருவழிக்கு 4.25 மீட்டர், இருவழிக்கு 7.5 மீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமே மிகவும் ஆபத்தானது எனலாம். ஒருவழிப் பாலம் என்று தெளிவாகத் தெரிந்தால் ஓட்டுநர் நின்று வழிவிடுவார்; இடைப்பட்ட பாலத்திலோ எதிரே வருபவரும் தாமும் ஒருசேரக் கடந்துவிடலாம் என்று இருவருமே நம்பி நுழைகின்றனர். சாலையின் அகலம் பாலத்தில் திடீரெனக் குறைவதும், இரவில் கைப்பிடிச் சுவரின் முனை தெரியாமற் போவதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

தமிழகத்தின் பல பழைய பாலங்கள் இந்நிலையில் கைவிடப்பட்டன. இப்பாலமோ 1967இல் அகலப்படுத்தப்பட்டது. போக்குவரத்து மேலும் பெருகவே, பின்னர் இதற்கு இணையாக மற்றொரு பாலமும் கட்டப்பட்டது. பழைய பாலம் சுலோசன முதலியார் பாலம் என்றே அழைக்கப்படுகிறது.